வீட்ல ஒருத்தருக்கு டிபின்னு சொல்லிட்டாங்களா? மாத்திரையோட சேர்த்து இதெல்லாம் பாருங்க

டிபி ஏழை பணக்காரன்னு பாக்காதுன்னு சொல்லுவாங்க, அது பாதி உண்மைதான். கிருமி உள்ள போற முக்காவாசி பேருக்கு ஒண்ணும் ஆகாது, சாப்பாடு சரியில்லாம இளைச்சவங்க, காத்தே வராத ஒத்த ரூம்ல அஞ்சாறு பேரா படுக்கறவங்க, சுகர் இருக்கவங்க, குடிக்கறவங்க, இவங்களத்தான் அது அமுக்கும். ஜார்க்கண்ட்ல 2019ல ஆரம்பிச்ச ஒரு ஆய்வுல நோயாளி வீட்ல இருக்க மத்தவங்களுக்கும் மாசாமாசம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை குடுத்தாங்க, அந்த வீடுகள்ல புதுசா டிபி வர்றது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைஞ்சுது. ஊசி இல்ல, புது மருந்து இல்ல, வெறும் சோறு!

அதனால முதல்ல எடை. ரிசல்ட் வந்த அன்னிக்கே எடை பாத்து சீட்டுல எழுதச் சொல்லுங்க, அப்புறம் மாசாமாசம் பாருங்க, மொத ரெண்டு மாசத்துல ஏறலன்னா டாக்டர்ட்ட கண்டிப்பா சொல்லணும். ஆள் ரொம்ப எலும்பா இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, புடிக்காம நிக்க முடியலன்னாலோ அட்மிஷன் கேளுங்க, தமிழ்நாட்ல 2022ல இருந்து இதுக்குன்னே காசநோய் இறப்பில்லா திட்டம் ஓடுது.

அடுத்து பணம். டிபி நோயாளிங்கள பதியற அரசு இணையதளமான நிக்‌ஷய்ல பேர் ஏத்தியாச்சான்னு கேளுங்க, ப்ரைவேட்ல பாத்தாலும் ஏத்தணும். ஏத்திட்டா சிகிச்சை முடியற வரைக்கும் மாசம் 1000 ரூபா கணக்குல வரும் (2024 நவம்பருக்கு முன்னாடி 500தான்). பேங்க் கணக்கு செத்துக் கெடந்தா, ஆதார் சேக்காம இருந்தா காசு நின்னுடும், அத மொதல்லயே சரி பண்ணிக்கோங்க. அந்தக் காசுல டப்பா பவுடர் வாங்காதீங்க ப்ளீஸ், முட்டை, வேர்க்கடலை, பாலு வாங்குங்க, ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபாதான், விடாம வாங்குங்க.

தட்டு டம்ளர் தனியா வைக்கறதெல்லாம் வேஸ்ட், இது காத்துல பரவுறது, ஜன்னல தொறந்து வைங்க.

பெரிய சிக்கல் வேலைதான். ரெண்டு மாசத்துல இருமல் நின்னுடும், ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்கு கூலி போச்சுன்னு மாத்திரைய விட்டுடுவாங்க, ஆனா சாதா டிபிக்கே ஆறு மாசம் முழுசா போடணும். அதனால ஒவ்வொரு வாட்டியும் போகாம மாசத்துக்கு மொத்தமா தர முடியுமான்னு கேளுங்க. யூரின் ஆரஞ்சு கலர்ல போனா பயப்படாதீங்க, மருந்தோட கலர் அது.

வீட்ல இருக்க எல்லாரையும், குறிப்பா சின்னப் புள்ளைங்கள, டெஸ்ட்டுக்கு கூட்டிட்டுப் போங்க, டிபி இல்லன்னா தடுப்பு மாத்திரை தருவாங்க, அரசு ஆஸ்பத்திரில ஃப்ரீதான்.