வேலையை விட்டுப் போனவர் விபிஎன்னில் இருந்தார்

மூன்று மாதத்துக்கு முன்பே விலகிய ஒருவருடைய கணக்கிலிருந்து வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வருவதற்கான எங்கள் விபிஎன்னுக்குள் லாகின் ஆகியிருந்ததை, வேறு எதையோ தேடிப் பதிவுகளைப் புரட்டும்போதுதான் பார்த்தேன். மெயிலை மூடியிருந்தோம், விபிஎன் கணக்கு தனி என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. உள்ளே வந்துவிட்டால் எல்லா சர்வரும் கைக்கெட்டும் தூரம், அதுதான் வயிற்றைக் கலக்கியது.

ஜீரோ டிரஸ்ட் என்ற பாதுகாப்பு முறை பற்றி அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020-இல் வெளியிட்ட 800-207 ஆவணத்தைப் படித்தேன். நெட்வொர்க்குக்குள் இருக்கிறார் என்பதற்காக யாரையும் நம்பாதே என்பதுதான் சாரம். சரி என்று எல்லா செயலிகளையும் ஒரே லாகினில் எல்லாவற்றுக்குள்ளும் நுழையும் சிங்கிள் சைன்-ஆனுக்குக் கீழே கொண்டுவந்தேன், இனி ஒரு இடத்தில் மூடினால் எல்லாம் மூடிவிடும் என்ற தெம்பில். சோதனைக் கணக்கு ஒன்றை முடக்கிப் பார்த்தால், ஏற்கெனவே திறந்திருந்த செஷன் ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது! லாகின் ஆனதும் கிடைக்கும் நுழைவுச் சீட்டு மாதிரியான டோக்கன் காலாவதியாகும் வரை அப்படித்தான். அதனால் கணக்கை முடக்கும்போதே டோக்கன்களையும் ரத்து செய்யும் ஸ்கிரிப்ட் எழுதி, டோக்கன் ஆயுளையும் ஒரு மணி நேரமாகக் குறைத்தேன்.

அப்புறம் எம்எஃப்ஏ, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்பது. லாகினுக்கு ஒப்புதல் கேட்டு போனுக்குப் புஷ் அறிவிப்பு திரும்பத் திரும்ப வந்தால் சலிப்பில் ஒப்புதல் கொடுத்துவிடுகிறார்கள் (நானே ஒருமுறை கொடுத்தேன்), எனவே அட்மின்களுக்கு ஃபிடோ2 சாவி என்ற சிறு பாதுகாப்புச் சாதனம். அது உண்மையான தள முகவரியோடு பிணைந்தது, போலித் தளத்தில் செல்லாது.

சாவி தொலைந்தால் நாமே வெளியே நிற்கக் கூடாதே என்று அவசரக் கணக்கு ஒன்று தனியாக இருக்கிறது, அதில் யார் நுழைந்தாலும் உடனே என் போன் அலறும். ஆட்கள் அல்லாமல் புரோகிராம்கள் பயன்படுத்தும் சர்வீஸ் கணக்குகள் இன்னும் பாக்கி.