சமையல் குறிப்புச் செயலியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

வீட்டில் சமைப்பவரின் குறிப்புகள் பெரும்பாலும் ஓரிடத்தில் இருப்பதில்லை. சில பழைய நோட்டிலும், சில கைபேசியின் ஸ்கிரீன்ஷாட்களிலும், சில என்றோ வந்த வாட்ஸ்அப் செய்திகளிலும் கிடக்கின்றன. இவற்றை ஒன்றுசேர்க்கச் செயலி தேடினால், அழகான படங்களும் ஆயிரக்கணக்கான குறிப்புகள் உள்ளே இருப்பதாகச் சொல்லும் விளம்பரமும்தான் முதலில் கண்ணில் படும். பிறருடைய குறிப்புகளைக் காட்டும் செயலி வேறு, நம்முடைய குறிப்புகளைப் பத்திரப்படுத்தும் செயலி வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதை மதிப்பிட, குறிப்பை உள்ளே போடுவது எவ்வளவு எளிது என்பதைவிட, போட்டதை வெளியே எடுக்க முடிகிறதா என்பதையே முதன்மையாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு செயலிகளை மட்டும் நிறுவிக்கொண்டு, இரண்டிலும் ஒரே ஐந்து குறிப்புகளைப் போட்டுப் பாருங்கள். கையால் எழுதியது ஒன்று, இணையத்திலிருந்து எடுத்தது ஒன்று, மாவுக்குத் தனியாகவும் பூரணத்துக்குத் தனியாகவும் பொருட்கள் உள்ளது ஒன்று, ஓவனில் வேகவைப்பது ஒன்று, நீங்கள் பலமுறை திருத்திய குறிப்பு ஒன்று என இருக்கட்டும். எளிய குறிப்பை எந்தச் செயலியும் ஒழுங்காகக் காட்டிவிடும். சிக்கலான குறிப்பில்தான் வேறுபாடு தெரியும்.

இணையப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தவுடன் பொருட்களும் செய்முறையும் தாமாகவே வந்து அமர்வது மாயம்போலத் தோன்றும். கூகுள், பிங், யாஹூ ஆகியவை 2011-இல் சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் என்னும் பொது வரையறையின்படி, பல சமையல் தளங்கள் பொருட்களையும் நேரத்தையும் கணினிக்குப் புரியும் வடிவில் பக்கத்துக்குள் மறைவாக வைத்திருக்கின்றன. செயலி பெரும்பாலும் அதைத்தான் படிக்கிறது. அது இல்லாத பக்கங்களில் பாதி வெறுமையாக வரும், அல்லது தேவையற்ற வரிகளும் சேர்ந்து வரும். அந்த வரையறையில் பொருட்கள் ஒரே நீண்ட பட்டியலாகவே இருப்பதால், "மாவுக்கு", "பூரணத்துக்கு" என்ற உட்தலைப்புகள் காணாமற்போய் இரண்டும் கலந்துவிடுவது வழக்கம். எனவே உட்தலைப்பைக் கையால் சேர்க்க வசதி உள்ளதா என்று பாருங்கள். செயலி முழுக் குறிப்பையும் தன்னிடம் பிரதி எடுத்துக்கொள்கிறதா, வெறும் இணைப்பை மட்டும் சேமிக்கிறதா என்பதும் முக்கியம். மூலப் பக்கம் ஒருநாள் மறைந்தால் இணைப்பு எதற்கும் உதவாது.

அளவை மாற்றும் வசதியைச் சற்று விரிவாகவே சோதிக்க வேண்டும். நான்கு பேருக்கான குறிப்பை எட்டுப் பேருக்கு மாற்றச் சொன்னால், பொருட்பட்டியலில் உள்ள எண்கள் இரட்டிப்பாகும். செய்முறைக்குள் எழுதியிருக்கும் எண்கள் பல செயலிகளில் அப்படியே நிற்கும். நான் ஒருமுறை ரொட்டிக்கான மாவைப் பட்டியலின்படி இரட்டிப்பாக எடுத்துவிட்டு, செய்முறையில் "300 மில்லி தண்ணீர் ஊற்றவும்" என்றிருந்த வரியைப் பார்த்து அவ்வளவே ஊற்றினேன், மாவு கல்லாகிவிட்டது. அதன்பின் செய்முறையில் எண்ணே எழுதுவதில்லை. "தண்ணீரில் பாதியை" என்றுதான் எழுதுகிறேன். பாத்திரத்தைப் பற்றியும் செயலிக்கு ஒன்றும் தெரியாது. 20 செ.மீ. வட்டத் தட்டுக்கான கேக்கை 25 செ.மீ. தட்டில் செய்ய, அதே உயரம் வேண்டுமானால், அளவை ஏறத்தாழ 1.56 மடங்காக்க வேண்டும். இரண்டு மடங்கு போட்டால் வழியும். ஆகவே இரட்டிப்பு, மூன்று மடங்கு என்ற பொத்தான்கள் மட்டும் போதாது, 1.5 போன்ற பின்ன எண்களையும் ஏற்கும் செயலியே பயன்படும். வேகும் நேரத்தை நாமே பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

தமிழில் எழுதிச் சேமிப்பவர்கள் கூடுதலாக இரண்டைக் கவனிக்க வேண்டும். பல செயலிகள் வரியின் தொடக்கத்தில் எண் இருந்தால்தான் அதை அளவு என்று எடுத்துக்கொள்கின்றன. "2 கப் மாவு" என்றால் மாறும். "மாவு – இரண்டு கப்" என்றோ "அரை கப் சர்க்கரை" என்றோ எழுதினால், அளவை மாற்றும்போது அந்த வரி மட்டும் சத்தமில்லாமல் பழைய அளவிலேயே நின்றுவிடும். அடுத்தது தேடல்: "வெங்காயம்" என்று தேடினால் "வெங்காயத்தை" என்று எழுதிய வரி அகப்படாது, "வெங்காய" என்று தேட வேண்டும். பிடிஎஃப் எடுக்க முடியுமானால் அதில் கொம்பும் காலும் எழுத்தோடு சரியாகச் சேர்ந்து வருகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுகளைத் தானாக மாற்றித் தரும் வசதியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மில்லி, மெட்ரிக் கப் 250 மில்லி. மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. கப்பைக் கிராமாக்க வேண்டுமானால் பொருள் என்னவென்றும் தெரிய வேண்டும்: ஒரு கப் சர்க்கரை சுமார் 200 கிராம், மைதா சுமார் 125 கிராம்தான். மாற்றிய அளவோடு மூல அளவையும் அழிக்காமல் வைத்திருக்கும் செயலி மேல்.

அடுப்படியில் நின்றும் பார்த்துவிடுங்கள். கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்துக் குறிப்பைத் திறந்தால் திறக்கிறதா, சமைக்கும்போது திரை அணையாமல் இருக்கிறதா, கையெட்டும் தூரத்திலிருந்து எழுத்து தெரிகிறதா என்ற மூன்றும் போதும்.

இனி வெளியேறும் வழி. பெரிய நிறுவனம் பின்னால் இருப்பது உத்தரவாதம் ஆகாது: யம்லி என்னும் சமையல் குறிப்புச் செயலியை, வீட்டுச் சாதனங்கள் தயாரிக்கும் வேர்ல்பூல் நிறுவனம் 2017-இல் வாங்கியது, 2024 முடிவில் அச்சேவை மூடப்பட்டது. ஆகவே உங்கள் ஐந்து குறிப்புகளையும் முதல் செயலியிலிருந்து ஏற்றுமதி செய்து, இரண்டாவதில் இறக்குமதி செய்து பாருங்கள். பிடிஎஃப் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் மற்றொரு செயலிக்குள் ஏற்றுவது கடினம்; ஹெச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவம்) அல்லது ஜேசன் (JSON, மென்பொருள்கள் எளிதாகப் படிக்கும் தரவு வடிவம்) கோப்பாகத் தருவதே நல்லது. சந்தா கட்டும் செயலியானால், சந்தாவை நிறுத்திய பிறகும் பழைய குறிப்புகளைப் படிக்கவும் எடுக்கவும் முடியுமா என்பதை நிபந்தனைகளில் தேடிப் படியுங்கள். பாப்ரிகா போன்றவற்றை ஒருமுறை பணம் கொடுத்து வாங்கினால் போதும் என்றாலும், கைபேசிக்கும் கணினிக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். கணினி நிர்வாகம் தெரிந்தவர்கள் மீலி, டாண்டூர் என்னும், மூல நிரல் வெளிப்படையாகக் கிடைக்கும் மென்பொருள்களைச் சொந்த சர்வரில் நிறுவலாம். அப்போது காப்புப் பிரதி எடுக்கும் பொறுப்பும் அவர்களுடையதே. குக்லாங் என்னும் முறையில் ஒவ்வொரு குறிப்பும் வெறும் உரைக் கோப்புதான். உரை எழுதும் எந்தச் செயலியிலும் திறக்கும், ஆனால் குறியீடுகளோடு எழுதப் பொறுமை வேண்டும்.

செயலி முடிவானதும் எல்லாக் குறிப்புகளையும் ஒரே நாளில் ஏற்ற முனைய வேண்டாம். எதைச் சமைக்கிறீர்களோ அதை அன்று ஏற்றி, சமைத்து முடித்த கையோடு உப்பு, நேரம் போன்ற திருத்தங்களைத் தேதியோடு குறித்துவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுமதிக் கோப்பை எடுத்துச் செயலிக்கு வெளியே வேறோர் இடத்தில் சேமித்து, அதை ஒருமுறை திறந்தும் பாருங்கள்.