நாற்பது வயதுக்கு மேல் அறிவியல் ஆசிரியராக

முதலில் பழைய டிகிரி சான்றிதழை எடுத்துப் பாருங்கள். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்றால் சிக்கல் குறைவு. பயோடெக்னாலஜி போன்ற பட்டமானால், அது பள்ளிப் பாடத்துக்கு இணையானது என்ற அரசாணை உண்டா என்று பி.எட். சேரும் முன்பே பார்த்துவிடுங்கள். தேர்வில் ஜெயித்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் ஆட்கள் கழிவது இங்கேதான்.

பி.எட். இரண்டு ஆண்டு. தபால் வழிப் படிப்பு ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே. வேலையை விடாமல் முடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும், பள்ளிப் பயிற்சிக்கு 90. அந்தப் பயிற்சியே மொத்தம் 20 வாரம், பெரும்பகுதி இரண்டாம் ஆண்டில். வீட்டுச் செலவுக்கான பணத்தை அதற்கேற்ப ஒதுக்குங்கள்.

6 முதல் 8-ஆம் வகுப்பு வரை பாடம் எடுக்க டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள்: 150 கேள்வி. கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60தான்; மீதி குழந்தை உளவியல், தமிழ், ஆங்கிலம், தலா 30. அறிவியல் பட்டதாரிகள் உளவியலை அலட்சியப்படுத்தித்தான் கோட்டை விடுகிறார்கள். மேல்நிலை வகுப்புக்கு முதுகலையும் வேண்டும்.

செய்முறையைக் கையில் பழகுங்கள். மெக்னீசிய நாடாவை உப்புத்தாளால் பளபளவென்று தேய்க்காமல் கொளுத்தினால், மேலே படிந்த ஆக்சைடு படலத்தால் சரியாகப் பிடிக்காது, வகுப்பே சிரிக்கும். மூன்று சென்டிமீட்டர் போதும், இடுக்கியால் பிடியுங்கள். சுடரை நேராகப் பார்க்கக் கூடாது என்று கொளுத்தும் முன்பே சொல்லுங்கள், அப்புறம் யார் காதிலும் விழாது.