குழந்தைகளோடு டென்மார்க் கடற்கரைக்கு: அமாகர் ஸ்ட்ரான்ட்பார்க் போய்வர ஒரு செய்முறை விளக்கம்

டென்மார்க்கில் கடற்கரைக்குக் கிளம்பும் முன் வெயிலைப் பார்ப்பதைவிடக் காற்றைப் பார்ப்பது முக்கியம். 22 டிகிரி வெயில் அடித்தாலும் காற்று சரியில்லை என்றால் அரை மணியில் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். காற்றடங்கிய நாளில் 19 டிகிரியே போதும், மாலைவரை மணலைவிட்டு எழுந்துவர மாட்டார்கள். எங்கே உட்காருவது, எந்தப் பக்கம் இறங்குவது, மிதவை பொம்மையை எடுத்துப்போகலாமா கூடாதா, எல்லாவற்றையும் காற்றுதான் முடிவுசெய்கிறது. கீழே உள்ள படிகளும் அதைச் சுற்றியே வருகின்றன.

முதல் முறை போகிறவர்களுக்கு ஏற்ற இடம் கோபன்ஹேகனில் உள்ள அமாகர் ஸ்ட்ரான்ட்பார்க். எழுத்தில் அமாகர் என்றிருந்தாலும் உள்ளூர்க்காரர்கள் வாயில் அது கிட்டத்தட்ட 'அமா' என்றே வரும். வழி கேட்கும்போது இது தெரிந்திருப்பது நல்லது. மொத்தக் கரை சுமார் 4.6 கிலோமீட்டர். 2005இல் பழைய கரைக்கு முன்னால் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு செயற்கைத் தீவை அமைத்தார்கள். தீவுக்கும் பழைய கரைக்கும் நடுவே தங்கி நிற்கும் நீர்தான் காயல். சிறு பிள்ளைகளுக்கு இந்தக் காயலே போதும். அலை இல்லை, கரையோரம் ஆழம் குறைவு, ஆழம் குறைந்த நீர் என்பதால் திறந்த கடலைவிடச் சீக்கிரம் சூடேறும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுப்பது

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நீரின் வெப்பம் பெரும்பாலும் 17 முதல் 20 டிகிரி. ஜூனில் அதைவிடக் குறைவு. மெரினாவிலோ காங்கேசன்துறையிலோ குளித்த உடம்புக்கு இது பனிநீர்போலத்தான் படும், அதை எதிர்பார்த்தே போங்கள்.

முந்தின நாள் மாலை டேனிஷ் வானிலை நிறுவனமான டிஎம்ஐயின் செயலியைத் திறந்து, காற்றின் வேகத்தையும் திசையையும் பாருங்கள். இங்கே வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். 5 வரை இருந்தால் சுகம். 8 ஆனால் மணல் பறந்து சாப்பாட்டிலும் கண்ணிலும் விழும். 10ஐத் தாண்டினால் சிறு பிள்ளைகளோடு போகவே வேண்டாம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது திசை. நம் ஊரில் வாடை, கொண்டல், தென்றல் என்று காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதை வைத்துப் பெயர் சொல்வதுபோலத்தான் டேனிஷ்காரர்களும் சொல்கிறார்கள். தீவின் வெளிக்கரை கிழக்கே ஓரெசுண்ட் நீரிணையைப் பார்த்திருக்கிறது. அதனால் மேற்குக் காற்று இங்கே கரைக்காற்று, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. டென்மார்க்கில் அதிகம் வீசுவதும் இதுதான். கரைக்காற்று நாளில் கடல் கண்ணாடிபோலக் கிடக்கும். பார்க்கிறவர்கள் 'இன்றைக்குக் கடல் அமைதி' என்று நினைப்பார்கள். பெரிய ஏமாற்று அதுவே. மேல்நீரைக் காற்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அடியிலிருந்து குளிர்ந்த நீர் கரைக்கு வரும், காற்றடைத்த படகோ வளையமோ ஒரு நிமிடத்தில் கைக்கெட்டாத தூரம் போய்விடும்.

மேற்குக் காற்று என்றால் காயலில் இறங்குங்கள், மிதவைகளை வீட்டில் விட்டுவிடுங்கள். கிழக்குக் காற்று லேசாக இருந்தால் வெளிக்கரையில் சின்ன அலை வரும், ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். ஆனால் அதே காற்று கடற்புல்லையும் ஜெல்லிமீன்களையும் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

படி 2: பை கட்டுவது

இங்கே நிழல்தரும் மரங்களை நம்பிப் போகக்கூடாது. குடையும் காற்றில் நிற்காது. இரண்டு பக்கமும் மணல் நிரப்பும் பைகள் உள்ள சின்னக் கடற்கரைக் கூடாரம், அல்லது கம்பு நட்டு விரிக்கும் காற்றுமறைப்புத் துணி, இரண்டில் ஒன்று அவசியம். கூடாரத்தின் முதுகு காற்றுக்கும் வாய் அதற்கு எதிர்ப்புறமும் இருக்கட்டும். வாய் காற்றைப் பார்த்திருந்தால் அது பாய்மரமாகிவிடும்.

துணி விஷயத்தில் நம்மவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். பருத்திச் சட்டை, சுடிதார் என்று போட்டிருப்பதோடே இறங்குவது நம் கரையில் பரவாயில்லை. இங்கே ஈரப் பருத்தி காற்றில் காயும்போது உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்பை மூட விரும்புகிறவர்களுக்கு முழுக்கை லைக்ரா நீச்சலுடையே சரி. பிள்ளைகளுக்கு 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீன் (குளிர் தாங்கும் ரப்பர்) அரைக்கை உடை வாங்கினால் தண்ணீரில் இருக்கும் நேரம் நன்றாகவே கூடும். ஆளுக்கு இரண்டு துண்டு எடுங்கள், ஒன்று துடைக்க, ஒன்று போர்த்த. கம்பளித் தொப்பி ஒன்றும் எடுங்கள். ஜூலையில் கம்பளித் தொப்பியா என்று கேட்க வேண்டாம், ஈரத் தலையில் காற்று படும்போது அதன் அருமை தெரியும்.

வெயில் களிம்பு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் இருக்கட்டும். கோடை நேரக் கணக்கில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, சுமார் 1.10க்கு. குளிர்ந்த காற்று தோல் எரிவதை மறைத்துவிடும், மாநிறத் தோலும் இதற்கு விலக்கல்ல. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரிலிருந்து ஏறிய ஒவ்வொரு முறையும் பூசுங்கள்.

சாப்பாட்டுக்கு இறுக மூடும் டப்பாக்கள். கடற்பறவைகள் கையிலிருப்பதையே பிடுங்கிக்கொண்டு போகும். பிளாஸ்க்கில் சூடான பாலோ ரசமோ கட்டாயம். நீரிலிருந்து ஏறிய பிள்ளைக்கு ஐஸ்கிரீமுக்கு முன்னால் அதுதான்.

படி 3: போய்ச் சேர்வது

மெட்ரோ எம்2, மஞ்சள் நிறத் தடம், விமான நிலையம் போகும் திசை. ஓரெசுண்ட், அமாகர் ஸ்ட்ரான்ட், ஃபெமோரன் என்று மூன்று நிலையங்கள் கரைக்கு அருகில் வரிசையாக வரும். எதில் இறங்கினாலும் குழந்தை நடையில் ஏறக்குறைய பத்து நிமிடம். பெரியவர் ஒருவர் பயணச்சீட்டில் 12 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் இலவசம். நிலையங்களில் மின்தூக்கி இருப்பதால் தள்ளுவண்டி சிரமமில்லை.

நோரெபோர்ட் போன்ற நகர மைய நிலையங்களில் பச்சை நிற எம்1 ரயிலும் அதே நடைமேடைக்கு வரும். அதன் கடைசி நிலையத்தின் பெயர் வெஸ்ட்அமாகர். 'அமாகர்' என்ற எழுத்தைப் பார்த்து ஏறி, கடலே இல்லாத இடத்தில் போய் இறங்குகிறவர்கள் உண்டு. கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன் தாண்டியதும் இரண்டு தடமும் பிரிகின்றன. மாறி ஏறிவிட்டால் அங்கே திரும்பி வந்து எம்2 பிடியுங்கள்.

காலை பத்து மணிக்குள் சேர்ந்துவிடப் பாருங்கள். வெயில் அடிக்கும் சனி, ஞாயிறுகளில் நகரமே அங்கேதான் இருக்கும்.

படி 4: இடம் பிடிப்பது

தீவின் வடபாதி மணல்மேடும் வளைந்த பாதையுமாக இயற்கைக் கரைபோல இருக்கும். தென்பாதியில் அகலமான நடைபாதையும் கழிப்பறையும் கியோஸ்க் கடைகளும் உண்டு. சிறு பிள்ளைகள் இருந்தால் தென்பாதி, காயல் பக்கம். அழகு சற்றுக் குறைவுதான், ஆனால் கழிப்பறைக்கு ஓட வேண்டிய நேரத்தில் அழகு உதவாது.

பையை இறக்கியதும் முதல் வேலை, கரையில் நிற்கும் பச்சைப் பலகையைத் தேடுவது. அதில் ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கும். அவசரம் என்றால் 112ஐ அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் போதும், நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும். டேனிஷ் ஊர்ப் பெயர்களை உச்சரிக்கத் திணறுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத காயம், காய்ச்சல் போன்றவற்றுக்குத் தலைநகர்ப் பகுதியில் 1813.

மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான கொடி பறந்தால் உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கிறார்கள் என்று பொருள். கொடி இறங்கிவிட்டால் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஜூன் கடைசியில் சூரியன் இரவு பத்து மணிவரை இருக்கும், காவலோ அதற்கு வெகுமுன்னரே முடிந்துவிடும். வெளிச்சத்தை நம்பி நேரத்தைக் கணக்கிடாதீர்கள்.

படி 5: தண்ணீரில் இறங்குவது

முதலில் பெரியவர் ஒருவர் முழங்கால் ஆழத்துக்கு நடந்து போய்க் குனிந்து பாருங்கள். பாதம் தெரிந்தால் சரி. நீர் பச்சையாகக் கலங்கிப் பாதம் தெரியவில்லை என்றால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். வெப்பமான, காற்றில்லாத வாரங்களில் இது வரும். குழந்தைகள் அந்த நீரை விழுங்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்படும், இறக்க வேண்டாம். பெருமழை கொட்டிய மறுநாளும் கழிவுநீர் கலந்திருக்கக்கூடும், அறிவிப்பைப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

முதல் குளியல் பத்து நிமிடம் போதும். உதடு நீலமாவது, பல் கிட்டுவது, பேச்சு குறைவது, எது தெரிந்தாலும் உடனே ஏற்றி, ஈரத்துணியைக் கழற்றி, துடைத்து, தொப்பி போட்டுப் போர்த்துங்கள். ஈரத்துணியின்மேல் துண்டைச் சுற்றுவதால் பயனில்லை. இங்கே கரையிலேயே உடை மாற்றுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதனால் கழிப்பறையைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

நீச்சல் தெரியாத பிள்ளை எப்போதும் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கைமிதவை உயிர்காக்கும் கருவி அல்ல, கழன்றுவிடும். நாலைந்து பெரியவர்கள் சேர்ந்து போகும்போதுதான் ஆபத்து கூடுகிறது, அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் விட்டுவிடுவார்கள். ஆளுக்குக் கால் மணி என்று முறைவைத்து, 'இப்போ நீங்க பாருங்க' என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பார்க்கிறவர் கையில் கைப்பேசி இருக்கக்கூடாது.

பொம்மையோ பந்தோ காற்றில் போய்விட்டால் போகட்டும். அதன் பின்னால் நீந்தவே கூடாது. காற்று தள்ளும் வேகத்துக்கு மனிதர் நீந்த முடியாது, திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். பிள்ளைகளிடம் இதை வீட்டிலேயே சொல்லிவையுங்கள், கரையில் அழும்போது சொன்னால் காதில் ஏறாது.

ஜெல்லிமீனில் நிறமற்று நான்கு வளையம் தெரிவது பெரும்பாலும் தீங்கில்லாதது. செம்பழுப்பில் நீண்ட இழைகளோடு வருவது கொட்டும். கொட்டிய இடத்தைக் கடல்நீரால் கழுவுங்கள். குடிநீர் ஊற்றினால் தோலில் மிச்சமிருக்கும் கொட்டணுக்கள் வெடிக்கும், துண்டால் தேய்த்தாலும் அப்படியே. மூச்சுத் திணறினால் 112.

படி 6: மணலில்

குழி தோண்டுவது பிள்ளைகளின் உரிமை, ஆனால் சின்னப் பிள்ளையின் முழங்கால் ஆழத்துக்குமேல் வேண்டாம். ஈர மணல் சரிந்தால் நினைப்பதைவிடக் கனமானது. மணல்மேட்டின் சரிவைக் குடைந்து குகை செய்ய ஒருபோதும் விடாதீர்கள். கரி அடுப்பு மூட்டியவர்கள் கரியை மணலில் புதைக்கக்கூடாது. மேலே மணல் ஆறினாற்போலத் தெரியும், அடியில் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைதான் அதை மிதிக்கும்.

கரையில் உட்கார்ந்து பார்த்தால் 2000இல் திறந்த ஓரெசுண்ட் பாலமும், அதே ஆண்டு மிடல்குருண்டன் என்ற ஆழம் குறைந்த கடல்பகுதியில் வளைவாக நிறுவிய 20 காற்றாலைகளும் தெரியும். காற்றாலை எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. செயலியைத் திறக்காமலே திசை மாறியதைக் கண்டுபிடிக்கலாம்.

மழை வந்துவிட்டால் ஃபெமோரனிலிருந்து ஒரே நிலையம், காஸ்ட்ரப். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் 2013இல் திறந்த 'நீலக் கோள்' மீன்காட்சியகம்.

ஜூட்லாந்தில் (டென்மார்க்கின் மேற்குத் தீபகற்பம்) இருப்பவர்களுக்கு

ஹெர்னிங் பக்கம் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்குப் பக்கத்தில் இருப்பது சொண்டர்விக், ஹென்ன போன்ற மேற்குக் கரை. அகலமும் அழகும் அங்கேதான் அதிகம், ஆனால் அது வடகடல். மணல்திட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் நீர் வேகமாக வெளியே இழுக்கும். இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரை ஏற வேண்டும். பிள்ளைகளோடு போனால் முழங்கால் ஆழம் தாண்டாதீர்கள், காவல் கொடி உள்ள பகுதியிலேயே இருங்கள்.

கிளம்பும்போது

தோண்டிய குழியை மூடுங்கள். மணல் ஒட்டிய காலை ஈரமாகத் தேய்க்காமல், காயவிட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். காலி பாட்டில், கேன்களை எறிய வேண்டாம். 'பான்ட்' (வாங்கும்போது கட்டிய வைப்புத்தொகை) முத்திரை உள்ளவற்றுக்கு வகையைப் பொறுத்து 1, 1.50 அல்லது 3 குரோனர் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் திரும்பக் கிடைக்கும். பிள்ளைகளையே போடவிடுங்கள், ஐந்தாறு பாட்டில் இருந்தால் அவர்கள் உண்டியலுக்கு ஆயிற்று.