ஒரே ஆல்பம், ஆறு மார்க்: சேர்ந்து கேட்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

எங்கள் குழுவில் ஆறு பேர். வாரம் ஒருவர் ஒரு ஆல்பத்தைச் சொல்வார், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவோம். ஒரு தடவை நான் 9 போட்ட ஆல்பத்துக்கு நண்பர் ஒருவர் 4 போட்டார். எனக்குக் காது கேட்கிறதா என்று அவரும், அவருக்கு ரசனை இருக்கிறதா என்று நானும் அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். கடைசியில் அவர், "முடிவில் வருகிற அந்த லைவ் பாட்டு இருக்கே, இழுவையோ இழுவை" என்றார். "எந்த லைவ் பாட்டு?" என்றேன். நான் கேட்டது 9 பாட்டு உள்ள மூல ஆல்பம். அவர் கேட்டது 22 பாட்டு உள்ள டீலக்ஸ் பதிப்பு.

அதிலிருந்து ரசனைச் சண்டை எது மூண்டாலும் எனக்கு முதலில் வருவது ஒரே சந்தேகம்தான்: இவர்கள் இரண்டு பேரும் ஒரே பொருளைத்தான் கேட்டார்களா?

பதிப்பைச் சொல்லாமல் விடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கிற தவறு. 1948இல் வந்த எல்பி என்ற நீண்ட நேர இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 22 நிமிடம்தான் கொள்ளும். அந்தக் காலத்து ஆல்பங்கள் அந்த அளவுக்குத் தைத்த சட்டை. முதல் பக்கம் எந்தப் பாட்டோடு முடிய வேண்டும், தட்டைத் திருப்பியதும் எது தொடங்க வேண்டும் என்று யோசித்து அடுக்கியிருப்பார்கள். 1982இல் சிடி வந்தபோது 74 நிமிடம் இடம் கிடைத்தது. பழைய ஆல்பங்களை மறுபடி வெளியிட்டபோது மிச்சமிருந்த இடத்தில் ஒதுக்கி வைத்த பாட்டுகள், ஒத்திகைப் பதிவுகள், மேடைப் பதிவுகள் எல்லாம் வந்து உட்கார்ந்தன. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது புதையல். மார்க் போட வந்தவருக்கோ விருந்து முடிந்த பிறகும் எழுந்திருக்க விடாமல் பரிமாறுகிற கதை. பழைய பதிவின் ஒலியை மறுபடி சீர்செய்து வெளியிடுகிற ரீமாஸ்டரிலும் வில்லங்கம் உண்டு. சில ரீமாஸ்டர்களில் மொத்தச் சத்தத்தையும் தூக்கிவிடுவதால் மெல்லிய இடத்துக்கும் ஓங்கிய இடத்துக்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிடும். "தட்டையாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அது பாடகர் மேல் உள்ள குறையாக இல்லாமலும் இருக்கலாம். ஆல்பத்தைச் சொல்கிறவரே எந்தப் பதிப்பு, எந்தப் பாட்டோடு நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் இந்த வம்பே இல்லை.

ஷஃபிளில், அதாவது பாட்டுகளின் வரிசையைக் கலைத்துக் கேட்டுவிட்டு மார்க் போடுவதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2021இல் பாடகி அடெல் கேட்டுக்கொண்ட பிறகு ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலி ஆல்பம் பக்கத்தில் ஷஃபிளை முதன்மைப் பொத்தானாக வைப்பதையே நிறுத்தியது. வரிசை ஒரு கலைஞருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சத்த அளவு யாருமே கவனிக்காத விஷயம். ஒரே பதிவை இரண்டு முறை ஒலிக்கவிட்டு, இரண்டாவதை ஒரு டெசிபல் போல மட்டும் கூட்டி வைத்தால், பலர் "சத்தம் கூடியிருக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள், "இது தெளிவாக இருக்கிறது" என்பார்கள். இன்னொன்று, சத்தம் குறையக் குறைய நம் காது பேஸ் எனப்படும் கீழ்த்தொனியை முதலில் தவறவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து வரைபடமாக்கிவிட்டார்கள். ஆகவே நள்ளிரவில் வீட்டார் எழுந்துவிடக் கூடாதே என்று குறைத்து வைத்துக் கேட்டவர், "பேஸ் கிட்டார் வாசித்தவர் லீவா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டவர் சொல்வதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கீழ்த்தொனி வரவே வராது. எல்லோரிடமும் ஒரே மாதிரி கருவி இருக்காது, அது பரவாயில்லை. எதில் கேட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

எத்தனை முறை கேட்டது என்பதும் கணக்கில் வர வேண்டும். ஆல்பத்தைச் சொன்னவர் அதோடு பத்து வருஷம் குடித்தனம் நடத்தியிருப்பார். மற்றவர்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒரே ஒரு முறை கேட்டிருப்பார்கள். திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிற பொருள் மேல், வேறு காரணமே இல்லாமல், நமக்கு ஒட்டுதல் வருகிறது என்று உளவியலாளர் சஜான்க் 1968இல் சோதனைகள் மூலம் காட்டினார். நாங்கள் இப்போது வெவ்வேறு நாட்களில் மூன்று முறை கேட்காமல் மார்க் போடுவதில்லை. சொன்னவர் மார்க்கை மொத்தக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. முதலில் நான்தான் இதை எதிர்த்தேன், என் வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது!

அடுத்தது, ஒருவர் மார்க்கை இன்னொருவர் பார்த்துவிட்டுப் போடுவது. "அதெல்லாம் என்னைப் பாதிக்காது" என்று எல்லோருமே சொல்வோம். 2006இல் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 14,000க்கும் மேற்பட்டவர்களிடம், அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாட்டுகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு வெறும் பாட்டுப் பட்டியல். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று காட்டினார்கள். தனியாகக் கேட்டவர்களிடம் நடுவாந்தரமாக 26ஆம் இடத்தில் நின்ற ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் 1ஆம் இடத்துக்கு ஏறியது, இன்னோர் உலகத்தில் 40ஆம் இடத்துக்கு இறங்கியது. பாட்டு அதேதான். முன்னால் வந்தவர்கள் யார் என்பது மட்டும்தான் வேறு. ஆறு பேர் குழுவில் குரல் உயர்ந்தவர் முதலில் "மாஸ்டர்பீஸ்" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மார்க்கைத் தாளில் எழுதி மடித்து வையுங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பிரியுங்கள். பேச்சு அதற்குப் பிறகு.

பத்திரிகைப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு கேட்பதும் இதே ரகம். ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை 2003இல் வெளியிட்ட 500 ஆல்பங்கள் பட்டியலில் பீட்டில்ஸின் சார்ஜென்ட் பெப்பர் முதல் இடம். 2020இல் புதிதாக வாக்கெடுத்தபோது அது 24. முன்பு 6ஆம் இடத்தில் இருந்த மார்வின் கேயின் வாட்ஸ் கோயிங் ஆன் முதலிடத்துக்கு வந்தது. இடைப்பட்ட 17 வருஷத்தில் இரண்டு ஆல்பத்திலும் ஒரு சுரம் மாறவில்லை. வாக்களித்தவர்கள் மாறினார்கள்.

எண்களுக்கு வருவோம். ஒருவருக்கு 5 என்றால் "சுமார்". பரீட்சைத் தாள் பார்த்தே பழகிய இன்னொருவருக்கு 5 என்றால் "ஃபெயிலாகாமல் தப்பியது". அதனால் அவருடைய மார்க் எல்லாம் 7க்கும் 9க்கும் நடுவிலேயே நெரிசலாக நிற்கும். இந்த இரண்டு பேரின் 7ஐக் கூட்டி வகுப்பது மீட்டரையும் அடியையும் கூட்டுகிற மாதிரி. "9 என்றால் மற்றவர்களுக்கு வலியச் சொல்வேன், 5 என்றால் ஓடினால் நிறுத்த மாட்டேன், தேடிப் போக மாட்டேன்" என்பது போல ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வாக்கியத்தை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் மார்க் போட்டு, சராசரியை ஆல்பத்தின் மார்க்காக வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் இரண்டு கனமான பாட்டுக்கு நடுவே 40 விநாடி வருகிற ஒரு பியானோத் துண்டைத் தனியாகப் பார்த்தால் 3 மார்க்தான் கிடைக்கும். அது இல்லையென்றால் அடுத்த பாட்டு மனதில் அந்த அளவுக்கு இறங்காது. கதவை அளக்கும்போது கீலைத் தனியே எடை போட்டு என்ன பயன்? ஆல்பத்துக்கு ஆல்பமாகவே மார்க் போடுங்கள், பிடித்த பாட்டுகளை வேண்டுமானால் பக்கத்தில் குறியுங்கள்.

சராசரிக்கு இன்னொரு குணம் உண்டு, சண்டையை மறைத்துவிடும். ஆறு பேரும் 7 போட்டாலும் சராசரி 7. மூன்று பேர் 10, மூன்று பேர் 4 போட்டாலும் 7தான். பேச விஷயம் இருப்பது இரண்டாவதில். ஆகவே பட்டியலில் சராசரிக்குப் பக்கத்தில் உச்ச மார்க்கையும் அடி மார்க்கையும் எழுதுங்கள். கேட்காதவர் இடத்தை வெற்றாக விடுங்கள், "நடுவாக 5 போட்டுக்கறேன்" என்பதெல்லாம் வேண்டாம்.

வருஷ முடிவில் மொத்தமாகத் தரவரிசை போடுகிறவர்கள் மார்க்கை விட்டுவிட்டு, ஆளுக்குப் பத்து ஆல்பத்தை வரிசைப்படுத்தி, முதலிடத்துக்கு 10 புள்ளி, அடுத்ததற்கு 9 என்று கொடுத்துக் கூட்டலாம். 1770இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் போர்டா என்ற கணித அறிஞர் வைத்த தேர்தல் முறையின் சாயல்தான் இது. ஒரு ஓட்டை உண்டு: தன் ஆல்பத்துக்குப் போட்டியாக வருவதை வேண்டுமென்றே அடியில் தள்ளலாம். தன் முறை நேர்மையானவர்களுக்கு மட்டும்தான் என்று போர்டாவே சொன்னதாக ஒரு கதை உண்டு. எங்கள் குழுவில் அந்த வகையில் ஐந்து பேர் தேறுவோம்.

அந்த டீலக்ஸ் நண்பர் பிறகு 9 பாட்டுப் பதிப்பை மூன்று முறை கேட்டார். 4ஐ அடித்துவிட்டு 6 போட்டார். டிரம்ஸ் குரலை ஏறி மிதிக்கிறது, மூன்றாவது பாட்டில் ஒரு சொல்கூடப் புரியவில்லை என்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றாவது பாட்டை மறுபடி கேட்டேன். இரண்டாம் சரணத்தில் அவர் சொல்வது உண்மைதான். இருந்தாலும் என் 9ஐக் குறைக்கப் போவதில்லை.