ரிஹர்சல்: சொல்லவும் எழுதவும் பழகுவோம்

கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் ஆண்டுவிழா நாடகத்துக்குத் தயாராகிறார்கள். “மிஸ், இன்னிக்கு பிராக்டிஸா, ரிஹர்சலா?” என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டும் ஒன்றில்லை.

முதலில் உச்சரிப்பு. ரி-ஹர்-சல், அழுத்தம் ‘ஹர்’ மேல். எழுத்துகள் ஆர், ஈ, ஹெச், ஈ, ஏ, ஆர், எஸ், ஏ, எல். கேள் என்று பொருள்படும் ‘ஹியர்’ நடுவில் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் எழுத்துப்பிழை வராது.

அடுத்து பொருள்: ஒத்திகை. வினைச்சொல் ‘ரிஹர்ஸ்’. பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது இது. உழுத நிலத்தில் கட்டி உடைக்க இழுக்கும் பல் வைத்த சட்டத்துக்கு அங்கே ‘எர்ஸ்’ என்று பெயர். அதை மறுபடி ஓட்டுவதுதான் இந்தச் சொல்லின் வேர். நம் சித்தூர் தாலுகா வயல்களில் ஒரு தடவை உழுததோடு யாரும் நாற்று நடுவதில்லை. சேறு பதமாகும்வரை ஓட்டி, பரம்படித்த பிறகுதான் நடவு. வசனமும் அப்படித்தான் பதமாக வேண்டும்.

சரி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். தினமும் மிருதங்கம் வாசித்துக் கை பழக்குவது பிராக்டிஸ். வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கான உருப்படிகளை வரிசையாக வாசித்துப் பார்ப்பது ரிஹர்சல். குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சி முன்னால் இருக்க வேண்டும்.

இனி வாக்கியம். ‘ஐந்து மணிக்கு ஒத்திகை இருக்கிறது’ என்பதற்கு ‘வீ ஹேவ் எ ரிஹர்சல் அட் ஃபைவ்’. ‘ரிஹர்சல் பண்றோம்’ என்று பேசிப் பழகியதால் ‘வீ ஆர் டூயிங் ரிஹர்சல்’ என்று எழுதிவிடுகிறோம். ‘வீ ஆர் ரிஹர்சிங் த ப்ளே’ என்று எழுதுங்கள். ‘டூயிங்’ தேவையில்லை.

அப்புறம் ‘டிரெஸ் ரிஹர்சல்’. கதகளியில் வேஷம் கட்டாமல் ஆடிப் பழகுவதைச் சொல்லியாட்டம் என்பார்கள். இது அதற்கு நேர் எதிர். முழு வேஷத்தோடு நடக்கும் கடைசி ஒத்திகை. எங்கள் மொட்டை மாடியில் ராஜா குனிந்து வணங்கியதும் அட்டைக் கிரீடம் நழுவி மூக்கில் நின்றது. பையனுக்கு வசனம் மறந்தே போயிற்று. பின்பக்கம் நாடா வைத்துத் தைத்தோம். வேஷம் போடாமல் எத்தனை தடவை நடித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

இப்போது நீங்கள் எழுதிப் பாருங்கள்: ‘நாளை எங்களுக்கு டிரெஸ் ரிஹர்சல்’, ‘அவள் தினமும் வீணை பழகுகிறாள்’. இரண்டில் ஒன்றுக்குத்தான் இன்றைய சொல் பொருந்தும்.