இளம் டிஃபெண்டருக்கு எந்த இடம், எத்தனை நிமிடம்: இளையோர் கால்பந்து அணிப் பயிற்சியாளருக்கு ஒரு கையேடு

பத்துப் பந்துகளை வெளியே அடித்துவிட்டுப் பதினோராவதை வலைக்குள் போட்ட ஃபார்வர்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அதே ஆட்டத்தில் நாற்பது முறை சரியான இடத்தில் நின்று பந்தை வெட்டிய ஸ்டாப்பர், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபெண்டர், ஒரே ஒரு முறை கால் இடறினால் கோல் விழுந்துவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பும்போது எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த ஒன்றுதான். பயிற்சியாளரும் மனிதர்தான் என்பதால், அடுத்த ஆட்டத்துக்குப் பெயர் எழுதும்போது அவருடைய பேனாவும் அந்த ஒன்றையே சுற்றி வருகிறது. ஆகவே இளம் டிஃபெண்டரின் இடத்தையும் ஆடும் நேரத்தையும் ஆட்டத்தின் சூட்டில் முடிவு செய்யக் கூடாது; அவை இரண்டும் முன்கூட்டியே, அமைதியாக உட்கார்ந்து, ஒரு நோட்டில் எழுதி வைக்கப்பட வேண்டியவை. பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையிலான அணிகளை நடத்துபவர்களை மனத்தில் வைத்து, அதை எப்படிச் செய்வது என்று கீழே விளக்குகிறேன்.

உயரத்தைப் பார்த்து இடம் கொடுக்காதீர்கள்

பன்னிரண்டு வயது அணியில் யார் உயரமோ அவனை ஸ்டாப்பராக நிறுத்துவதும், குள்ளமாகவும் வேகமாகவும் இருப்பவனை விங்குக்கு, அதாவது முன்வரிசையின் ஓரத்துக்கு, அனுப்புவதும் பெரும்பாலான மைதானங்களில் கேள்வியே இல்லாமல் நடக்கிறது. ஜனவரி 1-ஐ வைத்து வயதுப் பிரிவு கணக்கிடப்படும் போட்டிகளில், ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணியில் நிற்கிறார்கள். அந்த வயதில் பதினோரு மாத இடைவெளி என்பது ஒரு தலை உயர வித்தியாசமாகக்கூடத் தெரியலாம். பையன்கள் மிக வேகமாக வளர்வது சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி. பெண் பிள்ளைகளுக்கு அது ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்னதாகவே வந்துவிடும். இன்று உயரமாக இருப்பவன் மூன்று ஆண்டு கழித்து அணியில் நடுத்தர உயரத்தில் இருக்கக்கூடும். அப்போது, தலையால் முட்டி வெளியேற்றுவதைத் தவிர வேறெதையும் அவன் கற்றிருக்காவிட்டால் அந்தக் குறைக்கு நாம்தான் பொறுப்பு. இதன் மறுபக்கமும் உண்டு. நெதர்லாந்தின் வில்லம் 2 அணியின் இளையோர் பிரிவில் ரைட் பேக்காக (வலது ஓர டிஃபெண்டராக) ஆடிய விர்ஜில் வான் டைக், பதின்ம வயதின் பிற்பகுதியில்தான் திடீரென உயர்ந்து தடுப்பு வரிசையின் நடுவுக்கு வந்தார். பன்னிரண்டு வயதில் உயரத்தை மட்டும் பார்த்திருந்தால், அவர் ஸ்டாப்பராக வருவார் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

எனவே பதினைந்து வயது வரை ஒவ்வொரு டிஃபெண்டருக்கும் குறைந்தது இரண்டு இடங்களைக் கொடுங்கள்: ஒன்று ஓரத்தில், மற்றொன்று நடுவில். ஓரத்தில் ஃபுல் பேக்காக நிற்பவனுக்குப் பக்கக்கோடு ஒரு சுவர் போலத் துணை இருப்பதால், அவன் பார்க்க வேண்டியது பாதி மைதானம்தான். எதிரியை அந்தக் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டே போனால் போதும். நடுவில் நிற்பவனுக்கோ இரண்டு தோள்களுக்குப் பின்னாலும் ஆள் வரலாம். ஓரத்தில் ஒருவரோடு ஒருவராக மோதக் கற்றவனையும் நடுவில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கக் கற்றவனையும் ஒரே பையனுக்குள் வளர்ப்பதே இந்த இடமாற்றத்தின் நோக்கம். ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றினால் எதுவும் பதியாது. நாலு ஆட்டம் ஓர் இடம், அடுத்த நாலு ஆட்டம் மற்ற இடம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

எந்தக் கால் பழக்கம் என்பதையும் விதியாக்கிவிடாதீர்கள். ஜெர்மன் டிஃபெண்டர் பிலிப் லாம் வலக்கால்காரர். 2003-இல் பயர்ன் மியூனிக் அவரை ஸ்டுட்கார்ட் அணிக்குக் கடனாக அனுப்பியபோது, அங்கே வலப்பக்கத்தில் ஆண்ட்ரியாஸ் ஹிங்கல் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தார். பயிற்சியாளர் ஃபெலிக்ஸ் மகாத் அந்தப் பையனைப் பெஞ்சில் வைத்துக் காத்திருக்கச் சொல்லாமல் இடப்பக்கத்துக்கு மாற்றினார். சில மாதங்களில், 2004 பிப்ரவரியில், அவர் ஜெர்மனியின் தேசிய அணியில் ஆடினார். 2006 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில், கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக, இடப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து வலக்காலால் அடித்த கோல் அந்த இடமாற்றத்தின் பலன் என்றே சொல்லலாம். காலியாக இருக்கும் இடம் எது என்று பார்த்து அங்கே பையனை வளர்ப்பதும் ஒரு திட்டம்தான். ஆனால் அவன் ஏன் அங்கே நிற்கிறான் என்பதை அவனிடம் சொல்லியாக வேண்டும்.

முன்னே ஆடுபவனைப் பின்னே கொண்டுவருதல்

விங்கரை ஃபுல் பேக்காக மாற்றுவது இன்று சாதாரணமாகிவிட்டது. அல்போன்சோ டேவிஸ் பயர்னுக்கு வந்தது விங்கராக. 2019 இலையுதிர்காலத்தில் அந்த அணியின் டிஃபெண்டர்கள் சூலேயும் லூகாஸ் எர்னாந்தஸும் காயமடைய, டேவிட் அலாபா நடுவுக்கு நகர்ந்து, காலியான லெஃப்ட் பேக் இடம் டேவிஸுக்கு வந்தது. அடுத்த ஆகஸ்டில் சாம்பியன்ஸ் லீகில் பார்சிலோனாவை 8-2 என்று வீழ்த்திய ஆட்டத்தில், கோல் கோட்டருகே வரை துளைத்துக்கொண்டு போய்ச் சக வீரர் கிம்மிக்குக்குப் பந்தைக் கொடுத்தபோது அவருக்கு வயது 19. இதைப் படித்துவிட்டு வேகமான பையன்களையெல்லாம் பின்னே இழுத்துவிடக் கூடாது. நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: பந்தை இழந்த அடுத்த மூன்று நொடிகளில் அவன் என்ன செய்கிறான்? இடுப்பில் கைவைத்து நின்றுவிடுகிறவனுக்கு எவ்வளவு வேகம் இருந்தாலும் அந்த இடம் ஒத்துவராது. யாரும் கத்தாமலே திரும்பி ஓடுகிறவன் கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் தேறிவிடுவான்.

மாற்றும்போது அது தண்டனையாகத் தெரியக் கூடாது. கோல் அடிக்காத வாரத்துக்கு அடுத்த வாரமே பின்னே அனுப்பினால், எவ்வளவு விளக்கினாலும் பையன் அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வான். அவன் நன்றாக ஆடிய ஒரு ஆட்டத்துக்குப் பிறகு சொல்லுங்கள்.

ஆட்டங்களை எண்ணாதீர்கள், நிமிடங்களை எண்ணுங்கள்

“அவன் எல்லா ஆட்டத்திலும் இறங்கியிருக்கிறானே” என்று சொல்வோம். கணக்குப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கடைசி ஐந்து நிமிடம்தான் ஆடியிருப்பான். பாதிக்கு 35 நிமிடம் என்று 70 நிமிடம் நடக்கும் ஆட்டத்தில் நாலு டிஃபெண்டர் இடங்களுக்கு மொத்தம் 280 நிமிடம் இருக்கிறது. உங்களிடம் ஆறு டிஃபெண்டர்கள் இருந்தால் ஆளுக்கு 46 நிமிடத்துக்கு மேலேயே வரும். எல்லோருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. பதினாறு வயதைத் தாண்டிய அணியில் அது நடக்கவும் நடக்காது. ஆனால் ஒரு பருவத்தில் 18 ஆட்டம் என்றால் ஒருவருக்கு அதிகபட்சம் 1,260 நிமிடம். அதில் பாதியை, அதாவது 630 நிமிடத்தை, அணியின் கடைசி டிஃபெண்டருக்கும் கொடுக்க முடியாதென்றால் அவனை அணியில் வைத்திருப்பதில் பொருளில்லை. நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே நிமிடத்தையும், எந்த இடத்தில் ஆடினான் என்பதையும், ஸ்கோர் என்னவாக இருந்தபோது ஆடினான் என்பதையும் எழுதுங்கள். மூன்றாவதான ஸ்கோர்தான் முக்கியம். நாலு கோல் முன்னணியில் இருக்கும்போது மட்டும் இறங்கிய ஸ்டாப்பர், கையில் நிமிடங்கள் இருந்தும் எதையும் கற்றிருக்க மாட்டான். சமநிலையில் இருக்கும் ஆட்டத்தின் இருபது நிமிடம் அவனுக்கு அதைவிடப் பெரியது.

வெளியே எடுத்தவரை மறுபடி உள்ளே அனுப்புவதை இளையோர் ஆட்டங்களில் அனுமதிப்பதற்கு, ஆட்ட விதிகளில் மூன்றாவது விதி இடம் தருகிறது. உங்கள் போட்டியில் அது உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உண்டென்றால் டிஃபெண்டரை வெளியே அழைத்து, இரண்டு வார்த்தை பேசி, மறுபடி அனுப்ப முடியும். மாற்றங்களை இடைவேளையில் செய்வதே எளிது. எதிரணிக்குக் கார்னர் கிடைத்த நேரத்தில் ஸ்டாப்பரை மாற்றாதீர்கள். யார் யாரைப் பிடிப்பது என்று புதிதாக வந்தவன் கேட்டு முடிப்பதற்குள் பந்து உள்ளே வந்துவிடும். நடுவில் நிற்கும் இருவரையும் ஒரே நேரத்தில் மாற்றுவதும் அதே போன்ற தவறு.

தவறு நடந்த பிறகு

ஒரு முறை பதினைந்து வயது ஸ்டாப்பர் ஒருவனை 22-ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்தேன். எதிரணியின் ஃபார்வர்ட் தனியாகப் பின்னே போய்க் கோல் போட்டிருந்தான். எங்கள் பையன் முன்னே ஏறி நின்று ஆஃப்சைடுக்குக் கை தூக்கிக்கொண்டிருந்தான், அதாவது பந்து வந்தபோது எதிராளி எங்கள் கடைசி வரிசையைத் தாண்டி நின்றான் என்று. எனக்கு எரிச்சல். அவன் தலையைக் குனிந்தபடி வந்து, தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே கையில் உருட்டிக்கொண்டு ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தான். இரவில், ஒரு பையனின் அப்பா கைபேசியில் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். அவன் ஏறியது மிகச் சரியான நேரத்தில். பக்கத்தில் நின்ற மற்றொருவன்தான் இரண்டு அடி பின்னே தங்கி, எதிராளியை ஆன்சைடாக வைத்திருந்தான். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அடுத்த மூன்று ஆட்டங்களிலும் அவன் பந்தைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு வெளியே உதைத்தான். முன்னே ஏறவே இல்லை. ஒரு பையனுக்குக் கோட்டைப் பிடித்து நிற்கச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு ஆண்டு ஆனது. அதை அழிக்க ஒரு கையசைப்புப் போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கோல் விழுந்தால் பத்து நிமிடம் யாரையும் மாற்றுவதில்லை. அடிபட்டிருந்தாலோ, பையன் அழுதுகொண்டிருந்தாலோ, மஞ்சள் அட்டை வாங்கிய சூட்டில் இன்னொருவர் காலில் பாய்ந்துவிடுவான் என்று தோன்றினாலோ மட்டும் விலக்கு. அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுகிறேன்: சரியான இடத்தில் நின்றானா, சரியான முடிவை எடுத்தானா, காலோ உடலோ சொன்னபடி கேட்கவில்லையா? முதல் இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால், கோல் விழுந்திருந்தாலும் அவன் நன்றாகவே ஆடியிருக்கிறான். கால் தவறுவது பயிற்சியில் சரியாகிவிடும். ஆனால் கோல் விழாமல் தப்பித்த ஆட்டத்திலும் முதல் இரண்டுக்குத் திரும்பத் திரும்ப இல்லை என்று பதில் வருகிறவன் யார் என்று பார்ப்பது அவசியம். நிமிடத்தைக் குறைத்து உட்கார்ந்து பேச வேண்டியது அவனோடுதான்.

பெஞ்சா, வேறு அணியா

திறமையுள்ள பையனைப் பெரிய வயதுப் பிரிவில் சேர்த்துப் பெஞ்சில் உட்கார வைப்பது பெற்றோருக்குப் பெருமையாக இருக்கும். பையனுக்கு அதனால் ஒன்றும் கிடைப்பதில்லை. பிரெஞ்சு ஸ்டாப்பர் வில்லியம் சலிபாவை லண்டனின் ஆர்சனல் அணி 2019-இல், அவருடைய 18 வயதில் வாங்கி, உடனே அவர் ஆடிவந்த செந்த் எத்தியென் அணிக்கே கடனாகத் திருப்பி அனுப்பியது. அடுத்த பருவத்தின் முதல் பாதியில் லண்டனில் இருந்தும் முதல் அணியில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. பிறகு நீஸ், அதன் பின் 2021-22 பருவம் முழுவதும் மார்செய். மூன்றாண்டு கழித்து, 2022 ஆகஸ்டில்தான் ஆர்சனலுக்காக முதல் ஆட்டம் ஆடினார். 2023-24 பிரீமியர் லீகில் 38 ஆட்டங்களிலும் தொடக்கத்திலிருந்தே ஆடினார். அந்த அரைப் பருவக் காத்திருப்பு தேவைதானா என்று இன்றைக்கும் வாதிடலாம். மார்செயில் வாரந்தோறும் ஆடியதால்தான் அவர் தயாராகி வந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் அளவில் இதற்குப் பொருள் எளிது: மேல் பிரிவில் இரண்டு ஆட்டம் தொடர்ந்து பெஞ்சில் இருந்தவனை மூன்றாவது வாரம் தன் வயதுப் பிரிவுக்கு அனுப்பி முழு ஆட்டம் ஆட விடுங்கள்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. நன்றாக ஆடும் பையனைப் பள்ளி அணியும், கிளப்பின் இரண்டு பிரிவுகளும், ஞாயிற்றுக்கிழமை நடக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியும் ஒரே வாரத்தில் கேட்கும். உங்கள் நோட்டில் அந்த நிமிடங்களையும் சேர்த்து எழுதுங்கள். வேகமாக உயர்ந்துகொண்டிருக்கும் பையன் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டையோ குதிகாலையோ பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்றால், அது சோம்பேறித்தனம் என்று எண்ணிவிடாமல் மருத்துவரிடம் அனுப்பி, அவர் சொல்லும் வரை நிமிடத்தைக் குறைக்க வேண்டும்.

முடிவைச் சொல்லும் விதம்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் சொல்லிவிடுங்கள். எல்லோர் முன்னிலையிலும் பட்டியல் படிப்பதற்கு முன், வெளியே உட்காரப் போகிறவனைத் தனியே அழைத்துப் பேசுங்கள். “உன் ஆட்டம் சரியில்லை” என்பதால் அவனுக்குப் பயனில்லை. “தம்பி, இந்த வாரம் இரண்டாம் பாதியில் லெஃப்ட் பேக்காக இறங்குகிறாய், உன் பின்னால் ஓடுகிறவனைப் பந்து வருவதற்கு முன்பே ஒரு முறை திரும்பிப் பார்க்கிறாயா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்” என்றால், அவன் அதைச் செய்ய முடியும், செய்தானா என்று நீங்களும் பார்க்க முடியும்.

பெற்றோர் கேட்கத்தான் செய்வார்கள். போன மாதம் ஆட்டம் முடிந்ததும் ஒரு தாய் கேட்டருகே நிறுத்தி, “சார், என் பையன் ஏன் முப்பத்தஞ்சு நிமிஷம்தான் ஆடினான்?” என்று கேட்டார். நான் நோட்டைத் திறந்து, பருவம் தொடங்கியதிலிருந்து அவன் ஆடியிருந்த 412 நிமிடத்தையும், அதில் 240 நிமிடம் சமநிலையில் இருந்த ஆட்டங்களில் என்பதையும், அடுத்த நாலு ஆட்டங்களில் அவன் நடுவுக்கு மாறப் போவதையும் காட்டினேன். அவர் பக்கத்தைத் திருப்பி, மற்ற பையன்களின் கணக்கையும் நிதானமாகப் படித்தார். பிறகு, கோல்கீப்பருக்கு மட்டும் ஏன் யாரும் மாற்று இல்லை என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. இப்போது இரண்டாவது கோல்கீப்பர் ஒருவனும் நோட்டில் இருக்கிறான்.